பெடல் மூன்று, பாதம் இரண்டு

மூன்று பெடல்களை இரண்டே பாதங்களால் ஆள்வது எங்ஙனம் என்பது குறித்து இலக்கண ஆசிரியர்கள் மௌனம் சாதிக்கின்றனர். அக்குறை தீர்க்கவே இச்சிற்றாய்வு.

ஆய்வுக் களம் இங்கிலாந்து. 250 பவுண்டு செலவில் வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று 1996-இல் ரான் சாம்பியன் ஒரு புத்தகம் எழுதினார். 1957-இல் வந்த லோட்டஸ் செவனின் சாயலில், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் உறுப்புகளைக் கழற்றிப் பூட்டும் வண்டி அது. குடும்பத் தலைவர்கள் பலர் அன்று கார் ஷெட்டுக்குள் போனவர்கள்தாம்.

சிக்கல் காலடியில் தொடங்குகிறது. கியர்பாக்ஸின் அகன்ற முன்பகுதி பாதம் வைக்க வேண்டிய இடத்தை நெருக்கும். மிச்ச இடத்தில் ஸ்டியரிங் தண்டு பங்கு கேட்கும். எஞ்சிய சந்தில் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். இடது காலுக்கு ஓய்வு? அதை உரிமை என்று கருதுவோர் பேருந்தில் செல்க.

இவ்வரிசை மாறலாகாதோ எனின், மாறியிருந்தது என்க. ஃபோர்டு மாடல் டி-யில் நடுப் பெடல் ரிவர்ஸ், வலக்கோடியில் பிரேக்; ஆக்சிலேட்டரோ ஸ்டியரிங்கடியில் ஒரு கை நெம்பு. இன்றைய வரிசையை 1916-இல் கேடிலாக் கொணர, 1922-இல் பிறந்த ஆஸ்டின் செவன் ஊரெங்கும் பரப்பிற்று.

அடுத்தது நெம்புகோல் விகிதம். அச்சிலிருந்து மிதிகட்டை 300 மில்லிமீட்டர், தள்ளுதண்டு 60 எனில் விகிதம் ஐந்து: 20 கிலோ மிதி 100 கிலோவாகும். பத்தாக்கினால் இன்னும் சுகமே? சுகம்தான், பெடல் இருமடங்கு தூரம் போக வேண்டும். அதற்குள் முன்சுவர் வந்துவிடும்.

இத்தனையும் அளப்பவர்கள் செருப்பை அளப்பதில்லை. நம் சித்தாந்தம் இதுவே: வீட்டுக் காரின் மெய்யான அலகு, கட்டியவரின் பழைய கேன்வாஸ் ஷூ. அதைப் போட்டு உட்கார்ந்துதான் பெடல்களைப் பற்றவைக்கிறார். மழைநாளில் பூட்ஸ் மாட்டி ஏறினால், பிரேக்கை மிதிக்கும் கால் ஆக்சிலேட்டரையும் சேர்த்தே மிதிக்கும்.

ஆகவே, இத்தகைய வண்டியை வாங்கப் போகும் அன்பர்கள் விலை பேசுமுன் ஷூவும் சேர்த்தியா என்று கேட்டுவிடவும்.