முதலில் சுற்று, பிறகு வேகம்

கேள்வி: பழைய சோவியத் கேமரா, ஜோர்க்கி-4, கைக்கு வந்திருக்கிறது. அதைக் கெடுக்காமல் படம் எடுப்பது எப்படி?

பதில்: மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலை 1956 முதல் 1973 வரை தயாரித்த கேமரா அது. உழைப்பாளி, ஆனால் வரிசை தவறினால் பொறுக்காது. முதலில் ஃபிலிமை முழுக்கச் சுற்றுங்கள், பிறகே ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள். சுற்றும்போது வேகக் குமிழும் கூடவே சுழலும். அது நின்ற பிறகுதான் எண்கள் உண்மை பேசும். குமிழைத் தூக்கித் திருப்புங்கள். முந்திக்கொண்டு திருப்பினால் உள்ளே இருக்கும் பாகங்கள் பழுதாகலாம்.

அடுத்த எதிரி வெயில். ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணி. லென்ஸ் வழியே சூரியன் குவிந்தால் பொத்துவிடும். சந்தேகமா? லென்ஸையும் பின்மூடியையும் கழற்றி, இருட்டறையில் கேமராவை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். திரையில் நட்சத்திரம் மின்னினால் ஓட்டை!

ஆகவே வெளியே போகும்போது லென்ஸ் மூடி அவசியம். படமெடுக்கும்போது அதைக் கழற்றுவது அதைவிட அவசியம். நீங்கள் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலுக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமில்லை. மூடி இருந்தாலும் உங்களுக்கு உலகம் பளிச்சென்று தெரியும், ஃபிலிமுக்கு அமாவாசைதான்.

கண்ணாடி அணிபவரா? ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழுக்கு அடியில் சின்னதாக ஒரு நெம்புகோல் உண்டு. ஜன்னலை உங்கள் பார்வைக்கு ஏற்பத் தெளிவாக்க அதை நகர்த்தினால் போதும்.