எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்காரர்

புதுக் கார் வாங்கினால் திருத்தணியில் எல்லோரும் வண்டியோடு மலைக்குப் போவார்கள்; மாலை, எலுமிச்சம்பழம், பூசை. நம்மவர் மட்டும் அடிவாரத்து ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலேயே நின்றுவிடுவார். "சாமி எங்க போகப்போறாரு? முதல்ல ஹார்னை மாத்துப்பா. இதுக்கு ஆடுகூட ஒதுங்காது."

ஹார்னோடு முடியாது. 55 வாட்ஸ் ஹெட்லைட் பல்புகள் கழன்று 100 வாட்ஸ் ஏறும். கீழே ஃபாக் லேம்ப், காலடியில் நீல வெளிச்சம், டிக்கியில் ஊஃபர், ரிவர்ஸ் போட்டால் ஒரு பாட்டு. டேஷ்போர்டில் ஏழு நிறத்தில் மினுக்கும் வேல். திருப்பதி ரோட்டில் இவர் ஹை பீம் போட்டால், எதிரே வரும் லாரிக்காரர்கள் தமிழிலும் தெலுங்கிலும் அர்ச்சனை செய்வார்கள். 1960-ல் ஊர் ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் சேர்ந்தும் அந்த வசதிக்குக் குறைவில்லை.

கடைக்காரர் கணக்குத் தெரிந்தவர். "அண்ணே, 100 வாட்ஸ் பல்பு ரெண்டு. 12 வோல்ட்டுல கிட்டத்தட்ட 17 ஆம்பியர் இழுக்கும். கம்பெனி ஒயரும் சுவிட்சும் தாங்காது. பாட்டரியிலேருந்து தனி லைன் எடுத்து, பாட்டரி பக்கத்துலயே ஒரு ஃபியூஸ், அப்புறம் ஒரு ரிலே போட்டுத் தரேன்."

ஊஃபருக்குப் பேரம் பேசாமல் நீண்ட கை, ரிலே விலையைக் கேட்டதும் பைக்குள் போய்விடும். "அதெல்லாம் எதுக்கு? டைரக்டா குடுத்துடு." கடைக்காரர் மறுத்தால், ஞாயிற்றுக்கிழமை பிளேடும் கறுப்பு டேப்புமாக இவரே குனிந்துவிடுவார். கையில் கிடைத்த ஒயரின் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினால் வேலை முடிந்தது.

இவருடைய ஒரே எதிரி ஃபியூஸ். 15 ஆம்பியர் நீலம் உருகினால், "மட்டமான சரக்கு" என்று 30 ஆம்பியர் பச்சையைச் செருகுவார். ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, ஒயரை. ஒயர் தாங்கும் அளவுக்குள் அது இருந்தால், ஒயர் சூடேறுமுன் தான் உருகிவிடும். ஒயரைவிடப் பலசாலியாக இருந்தால், உருகும் முறை ஒயருக்கு வரும். இதைத் தமிழில் சொன்னாலும் தெலுங்கில் சொன்னாலும் அவர் காதில் ஏறாது. பச்சையும் கிடைக்காத ராத்திரியில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பார். அவருக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது, காருக்கு உண்டு.

ஒருநாள் குடும்பத்தோடு மலைப்பாதையில் ஏறுவார். அந்தப் பக்கம் 365 படி ஏறும் பக்தர்கள் மூச்சு வாங்க, இந்தப் பக்கம் டேஷ்போர்டு புகைவிடும். "என்னங்க, சாம்பிராணி ஃபிட்டிங்கும் போட்டிருக்கீங்களா?" என்று வீட்டம்மா கேட்பார். அதற்குள் வேல் அணைந்திருக்கும். ரிவர்ஸ் பாட்டு மட்டும், கியரைத் தொடாமலேயே ஒலிக்கும்.

கயிறு கட்டி இழுத்துவந்த வண்டியைத் திறந்து பார்த்துக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். "ஒயரிங் செட்டே போச்சுண்ணே. ஒரு சின்ன ஃபியூஸ் போட்டிருந்தா அதோட போயிருக்கும்."

நம்மவர் நிதானமாகத் தீர்ப்புச் சொல்வார்: "கம்பெனி ஒயரிங் சரியில்லப்பா. நான் போட்ட ஹார்னைப் பாரு, ஒரு கீறல் இல்ல. கழட்டி வை, அடுத்த வண்டிக்கு ஆகும்."