நூல் பார்க்கத் தெரிந்த வீடு

எங்கள் வீட்டில் குரோஷா நூல் என்றால் அது ஒன்றே ஒன்றுதான். வெள்ளை. இருபதாம் நம்பர். கண்டின் மேல் ஒட்டிய தாளில் ஒரு நங்கூரம் இருக்கும். அத்தை அதை மாதம் ஒரு கண்டு என்று மதுரைப் புதுமண்டபத்தில் வாங்குவாள். 1980-களின் நடுவில் புதுமண்டபம் என்றால், திருமலை நாயக்கர் காலத்துக் கல்தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் தடதடக்கும் இடம். யாளியின் கால்மாட்டில் ஜாக்கெட் தைப்பார்கள். தூணுக்குத் தூண் ஒரு கடை. வளையல், ரிப்பன், ஜரிகை, பள்ளிக்கூட நாடகத்துக்கு முருகன் வேஷம் என்று எல்லாம் கிடைக்கும். நூல் கண்டு மட்டும் கேட்டால் கடைக்காரர் எழுந்திருக்கக்கூட மாட்டார். கையை நீட்டி எடுத்துப் போடுவார்.

“கலர் வேணுமா?” என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்பார். கலர் என்றால் ரோஸ், கிளிப்பச்சை. அத்தை பதிலே சொல்ல மாட்டாள். ஒருமுறை எங்கோ வாங்கிய ரோஸ் நூலில் கைக்குட்டைக்கு ஓரம் பின்னி, முதல் அலசலிலேயே ஓரம் வெளுத்துக் கைக்குட்டை ரோஸ் ஆன அனுபவம் அவளுக்கு உண்டு. அதிலிருந்து வெள்ளைதான். ரேடியோவுக்கு உறை, தண்ணீர்ப் பானைக்கு மூடி, தலையணை ஓரம், சாமி படத்துக்குக் கீழே விரிப்பு. எல்லாம் வெள்ளை, எல்லாம் இருபதாம் நம்பர். ஏன் இருபது என்று ஒருநாள் கேட்டேன்.

“கடையில அதுதான் இருந்துச்சு.”

நூல் தேர்வு பற்றி அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த கல்வி இவ்வளவுதான். ஊசியும் கடையில் வாங்கியதில்லை. பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் ஒன்றை அப்பா ஒடித்து, நுனியை அரத்தால் ராவி, கொக்கி வைத்துக் கொடுத்தது. அது எத்தனை மில்லிமீட்டர் என்று யாரும் அளக்கவில்லை. அத்தையின் கைக்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நூல் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். மதுரைக்காரர்களுக்கு மில் என்றால் விளக்கம் தேவையில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் பாபநாசம், தூத்துக்குடி, மதுரை என்று வரிசையாக மில் கட்டியதும், திருப்பரங்குன்றம் பக்கம் அவர்கள் பெயரில் ஹார்விபட்டி என்று ஒரு குடியிருப்பே எழும்பியதும், 1974-இல் அந்த மில் கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனதும் எங்கள் ஊர் திண்ணைப் பேச்சு. அத்தையின் கண்டில் இருந்த நங்கூரமும் கோட்ஸ் வீட்டுச் சரக்குதான். ஆனால் ஊரில் நூற்கிறார்கள் என்பதால் வீட்டில் நூல் கொட்டிக் கிடக்கவில்லை. மில் கேட்டில் சோதனை உண்டு. வேட்டியில் ஒட்டிய பஞ்சுதான் வீட்டுக்கு வரும்.

அப்பா ஒரு இழையை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே உருட்டிப் பார்த்து நம்பர் சொல்வார். “நாப்பது.” “இது அறுபதுக்கு மேல.” கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் வேட்டி நுனியைப் பிடித்து நம்பர் சொல்லிப் பெண் வீட்டாரிடம் முறைப்பு வாங்கியதும் உண்டு. கணக்கு எளிது. ஒரு பவுண்டு நூலில் 840 கஜம் கொண்ட கழி எத்தனை தேறுகிறதோ அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் நாற்பது கழி, 33,600 கஜம். “அரைக்கிலோ கூட இல்ல பஞ்சு. மதுரையில பிடிச்சு இழுத்தா மேலூர் வரைக்கும் போகும்” என்பார். நம்பர் ஏற ஏற நூல் சன்னம். இது எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனதில் பதிந்த விஷயம்.

பதிந்திருந்ததுதான் வினை.

இப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. விருப்ப ஓய்வு வாங்கியாயிற்று. பெங்களூரில் இருக்கும் மகள் உண்டாகியிருக்கும் செய்தி வந்த அன்று, பிறக்கப் போகிற பிள்ளைக்கு என் கையாலேயே ஒரு குல்லா பின்னிவிடுவது என்று முடிவெடுத்தேன். அத்தை பின்னுவதைப் பார்த்திருக்கிறேனே தவிர, நான் சங்கிலிக்கு மேல் போனதில்லை. ஆக, நூல் மில்காரர் மகள், ஐம்பத்து நான்காவது வயதில், கைப்பேசியில் ஒரு இருபது வயது அமெரிக்கப் பெண் நடத்தும் பாடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதல் பாடம்: புதிதாகக் கற்பவர்கள் நான்காம் நம்பர் நூல் வாங்குங்கள்.

நான்காம் நம்பரா? எங்கள் வாய்ப்பாட்டின்படி அது ஜமுக்காளத்துக்குப் போடுகிற நூல். சரி, அமெரிக்காவில் குளிர், கனமாகத்தான் பின்னுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, பிள்ளைக்குக் கொஞ்சம் சன்னமாக இருக்கட்டும் என்று ஆறாம் நம்பர் வரவழைத்தேன். வந்து சேர்ந்தது ஏறக்குறைய தேர்வடம். அமெரிக்க கிராஃப்ட் யார்ன் கவுன்சில் வகுத்த வரிசை பூஜ்யத்தில் தொடங்கி ஏழில் முடிகிறது என்பதும், பூஜ்யம் லேஸ் நூல், ஏழு ஜம்போ என்பதும், அதாவது நம்பர் ஏற ஏற நூல் தடிக்கும் என்பதும் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர்க் கணக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

சரி, தலைகீழ் என்று புரிந்துவிட்டது, இனி பிழைத்துக்கொள்ளலாம் என்றால் ஊசி வருகிறது. மில்லிமீட்டரில் சொன்னால் எண் ஏற ஏற ஊசி தடிமன். லேஸ் பின்னும் எஃகு ஊசிக்கு அமெரிக்க நம்பர் ஏற ஏற ஊசி மெலிவு. அது போக, சில ஊசிகளுக்கு ஆங்கில எழுத்து. அப்புறம் ‘பிளை’. எனக்குத் தெரிந்த பிளை, எத்தனை இழை சேர்த்து முறுக்கியது என்பது. முறுக்கைப் பிரித்து எண்ணிப் பார்த்தால் முடிந்தது. ஆனால் பிரிட்டிஷ்காரர்கள் ‘4 பிளை’ என்று சொல்வது ஒரு தடிமனின் பெயர். பிரித்து எண்ணினால் நாலு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். எண்பத்தைந்து வயது. காது மந்தம், விரல் மந்தமில்லை. “நாலு பிளைனு எழுதி மூணு பிளை குடுத்தா மில்லுல சீட்டைக் கிழிச்சிருவாங்க” என்றார்.

பின்னல் பெயர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அமெரிக்காவில் ‘சிங்கிள் குரோஷே’ எதுவோ அதுதான் இங்கிலாந்தில் ‘டபுள் குரோஷே’. இது தெரியாமல் இங்கிலாந்துக் குறிப்பை அமெரிக்கக் கணக்கில் பின்னி, டம்ளர் வைக்கிற வட்டம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்தது. அதை இப்போது இட்லிப் பாத்திரத்துக்குக் கீழே போட்டிருக்கிறேன்.

ஆனால் நூல் வாங்குவது இருக்கிறதே, அது தனிச் சுகம். பின்னுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ராத்திரி பத்து மணிக்குக் கைப்பேசியைத் திறந்தால் லூதியானா அக்ரிலிக், மெரினோ கம்பளி, மூங்கில், வெல்வெட், ஒரே உருண்டையில் ஏழு நிறம் மாறுவது என்று வந்துகொண்டே இருக்கிறது. அத்தைக்கு மாதம் ஒரு கண்டு. எனக்கு வாரம் ஒரு பார்சல். வெல்வெட் நூல் குழந்தைக் கன்னம் மாதிரி இருந்தது. ஆனால் பின்னினால் கண்ணி எது, இடைவெளி எது என்று கண்ணுக்கே தெரியவில்லை. குருடன் மாதிரித் தடவித் தடவி நாலு வரி பின்னிவிட்டுப் பெட்டியில் போட்டேன். கறுப்பும் அப்படித்தான், ராத்திரி வெளிச்சத்தில் கறுப்பு நூலில் பின்னுகிறவர்களுக்கு விருதே கொடுக்கலாம். ஏழு நிற உருண்டையில் பின்னிய குல்லாவின் நெற்றியில் சரியாக ஒரு காவிப் பட்டை வந்து உட்கார்ந்தது. பிறக்கும் முன்பே பிள்ளையை எந்தக் கட்சியிலும் சேர்க்க வேண்டாம் என்று அதையும் பிரித்தேன்.

மகள் மெரினோ என்றாள். கம்பளியை மிஷினில் போட்டால் சுருங்கி அட்டையாகிவிடும், சுருங்காதபடி பதப்படுத்தியதாக இருந்தால் விலை இன்னும் கூடும் என்றேன். அக்ரிலிக் துவைக்க எளிது, விலையும் குறைவு. ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டால் இழை வெந்து உயிர் போய்விடும். வேர்வையையும் உறிஞ்சாது. இதையெல்லாம் நான் ஒரு வித்வான் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதத்தில் அவ்வளவு ஞானம். ஒரு குல்லா மட்டும் இல்லை.

கடைசியில் ‘மில்க் காட்டன்’ என்று ஒன்றைப் பிடித்தேன். பெயரே பிள்ளைக்கு என்று வைத்த மாதிரி இருந்தது. விற்றவர் சுத்தப் பருத்தி என்று எழுதியிருந்தார். வெளிர் நீலம், வெண்ணெய் மாதிரி வழுவழுப்பு. பன்னிரண்டு உருண்டை வாங்கினேன். ஒரு குல்லாவுக்கு ஒரு உருண்டையே அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பாவிடம் பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

“என்னது இது?”

“மில்க் காட்டன்ப்பா. பால்ல செஞ்ச பருத்தி.”

“பாலா? எந்தப் பாலு, ஆவினா?”

அவர் சிரித்தாலும், பாலிலிருந்து நூல் என்பது முழுக் கட்டுக்கதை இல்லை. 1930-களில் இத்தாலியில் பால் புரதத்திலிருந்து லானிடால் என்று ஒரு செயற்கைக் கம்பளியே செய்திருக்கிறார்கள். இதையும் நான் ராத்திரி பத்து மணிக்குப் படித்ததுதான். அப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. உருண்டையிலிருந்து ஒரு முழம் பிய்த்தார். விரலில் உருட்டினார். நம்பர் சொல்லவில்லை. முகம் சுருங்கியது.

“தீப்பெட்டி எடுத்துட்டு வா.”

கொண்டுவந்தேன். தரையில் ஒரு எவர்சில்வர் தட்டு. முதலில் தன் வேட்டி ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்தினார். சுறுசுறுவென்று எரிந்து, காகிதம் எரிந்த வாசனை. விரலில் தேய்த்தால் சாம்பல் பறந்துபோனது. அடுத்தது என் பால் பருத்தி. அதுவும் பற்றியது. ஆனால் உருகிச் சொட்டியது, கரும்புகை வந்தது, மூக்கில் காரமான நெடி ஏறியது. ஆறியதும் தட்டில் மிளகு அளவு ஒரு கறுப்பு மணி. அப்பா அதை நகத்தால் தட்டிக் காட்டினார். டிக், டிக் என்றது.

“பஞ்சு மணி கட்டாது தாயி. இதுல பாதிக்கு மேல பிளாஸ்டிக்.”

அதோடு விட்டாரா? பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். என் ஐந்து மாதச் சேமிப்பு முழுவதும் அன்று அந்தத் தட்டில் ஏறி இறங்கியது. மெரினோ மட்டும் மானத்தைக் காப்பாற்றியது. மயிர் பொசுங்கிய நாற்றம் வந்து, குச்சியை எடுத்ததும் தானாக அணைந்தது. அசல் கம்பளி. வெல்வெட் உருகியது. மூங்கில் பருத்தி மாதிரியே எரிந்தது. மூங்கிலைக் கூழாக்கி இழுத்த விஸ்கோஸ் அப்படித்தான் எரியும். பக்கத்து வீட்டம்மா என்ன நாற்றம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நீலத்தில் இன்னொரு குட்டும் வெளிவந்தது. பன்னிரண்டு உருண்டையில் ஏழுக்கு ஒரு லாட் நம்பர், ஐந்துக்கு வேறு. வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு நீலம்.

மறுநாள் நானே டவுனுக்குப் போனேன். புதுமண்டபத்துக் கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். யாளிகள் நிம்மதியாக இருக்கின்றன. கடையில் பருத்தி நூலே அறுபதுக்கு மேல் நிறம் அடுக்கியிருந்தது. இந்த முறை அட்டையைப் படிக்காமல் உருட்டிப் பார்த்தேன். மெர்சரைஸ் செய்தது வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. ஜான் மெர்சர் என்பவர் 1850-இல் காப்புரிமை பெற்ற வித்தை அது. காஸ்டிக் சோடாவில் பருத்தியை முக்குவது. பிற்காலத்தில் இழுத்துப் பிடித்து முக்கியபோதுதான் அந்தப் பளபளப்பு வந்தது. அத்தையின் ரேடியோ உறைக்கு அது சரி. முறுக்கு நன்றாக நிற்கும், ஓரம் தெளிவாகத் தெரியும். பச்சைப் பிள்ளைத் தலைக்கு மினுக்கம் எதற்கு? மெர்சரைஸ் செய்யாத மெத்தென்ற பருத்தி, நடுத்தர தடிமன், நான்கு மில்லிமீட்டர் ஊசி. ஒரு கண்டு. கல்லாவில் பணம் கொடுக்கும்போதே ஒரு இழையைப் பிய்த்து முடிந்துகொண்டேன், வீட்டில் தட்டு காத்திருக்கும் என்பதால்.

நான்கு நாளில் குல்லா முடிந்தது. பேரன் பிறந்து பதினோராம் நாள் தலையில் வைத்தேன். அவன் அதைப் பதினோரு நிமிஷம் பொறுத்துக்கொண்டான். மகள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஏன் வெள்ளை?”

“கடையில அதுதான் இருந்துச்சு” என்றேன்.

வீட்டில் இன்னும் வெளிர் நீலத்தில் பதினொன்றரை உருண்டை இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சும்மா வந்து எடுத்துக்கொள்ளலாம். லாட் நம்பர் கேட்கக் கூடாது. அப்பா திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார், பையைத் திறந்து காட்டாமல் நேராகப் போய்விடுங்கள்.