வாளி வந்தால்தான் பால்

கேள்வி: ஜாவா ஸ்ட்ரீமைப் பட்டியலாக்க இரண்டு ‘டூலிஸ்ட்’ எதற்கு? (வாசகர், கீரிப்பாறை)

பதில்: கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் பட்டையைச் சீவினால் பால் தானாகச் சிரட்டையில் சொட்டும், பிறகுதான் வாளி வரும். 2014-இல் ஜாவா 8 கொண்டுவந்த ஸ்ட்ரீம் அதைவிடப் பிடிவாதக்காரன். ஃபில்டர், மேப் என்று எத்தனை எழுதினாலும், ‘கலெக்ட்’ போன்ற முடிவுக் கட்டளை வராமல் ஒரு சொட்டும் இறங்காது.

கலெக்டர்ஸ் வகுப்பில் பாத்திரங்கள் பல. டூசெட் இரட்டிப்பை நீக்கும், குரூப்பிங்பை இனம் பிரிக்கும். அங்கே இருக்கும் பழைய டூலிஸ்ட், தரும் பட்டியலை மாற்றலாமா என்பதற்கு உறுதி தருவதில்லை.

2021-இல் ஜாவா 16 ஸ்ட்ரீமுக்கே தந்த டூலிஸ்ட் கறாரானது: அந்தப் பட்டியலில் ஆட் என்றால் பிழைதான் விழும். பின்னால் சேர்க்க வேண்டியிருந்தால் டூகலெக்‌ஷனுக்குள் அர்ரேலிஸ்ட்டைக் கொடுப்பதே நல்லது.