ஹால் மூலையில் ஆர்க்கிட்: கேள்வி பதில்

திருநகரில் மாடி போர்ஷனில் இருக்கிறோம். வெளிச்சம் கம்மி, புழுக்கம் ஜாஸ்தி. ஆர்க்கிட் வளருமா?
– மூன்றாவது ஸ்டாப் வாசகி

புழுக்கம் உங்களுக்குத்தான் கஷ்டம், ஆர்க்கிட்டுக்கு இல்லை. வெளிச்சம்தான் விஷயம். பகல் பன்னிரண்டு மணிக்குச் செடி வைக்கப்போகிற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் டெண்ட்ரோபியம் வரைக்கும் ஆசைப்படலாம். கை மாதிரி ஏதோ மங்கலாகத் தெரிந்தால் ஃபெலனாப்சிஸ். நிழலே விழவில்லையா? பிளாஸ்டிக் பூ.

நர்சரியில் எதைக் காட்டினாலும் "நிழல்லயே வரும் சார்" என்கிறார்களே?
– ஹார்விபட்டி வாசகர்

வரும், உங்கள் வீடு வரைக்கும் வரும். அதற்கப்புறம் செடியின் ஜாதகம் வேறு. வேர்கள் தொங்க, பட்டை பட்டையான இலையோடு இருக்கும் வாண்டாவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கரும்புக் கணு மாதிரி தண்டு உள்ள டெண்ட்ரோபியத்துக்குக் காலை வெயிலாவது வேண்டும். அகல இலையும் வண்ணத்துப்பூச்சி போன்ற பூவும் கொண்ட ஃபெலனாப்சிஸ்தான் வீட்டுக்குள் பொறுத்துக்கொள்ளும். அதைவிட இருட்டான மூலை என்றால் லுடிசியா கேளுங்கள். பூ சுமார்தான். ஆனால் கருஞ்சிவப்பு இலையில் ஓடும் செந்நிறக் கோடுகளைப் பார்த்தால் பூ எதற்கு என்று தோன்றும்.

மதுரையில் ஏது ஐயா ஈரப்பதம்? கேரளாக்காரர் எழுதியதைப் படித்துவிட்டுப் பதில் சொல்கிறீர்களா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பசுமலை

பிரம்பை எடுத்துவிட்டீர்கள், நியாயம்தான். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் நமக்கு ஆர்க்கிட் பருவநிலை. பங்குனி பிறந்துவிட்டால் காற்று காய்ந்துவிடும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுப் பார்க்கும். ஏர்கூலர் நன்றாக வேலை செய்கிற ஊர் என்றாலே காற்று காய்ந்த ஊர் என்று அர்த்தம். அதையே சாதகமாக்கலாம். கூலர் ஓடும் அறையில், நேரே காற்று அடிக்காத இடத்தில் செடியை வையுங்கள். கூலர் இல்லையா, அகலத் தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு அதன்மேல் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. ஏசி அறை வேண்டாம். இருக்கிற ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும்.

செம்மண், மணல், தொழுவுரம் சம அளவு கலந்து ஆசையாக நட்டேன். அழுகிவிட்டது. ஏன்?
– விளாச்சேரி வாசகி

நட்டதாகவா சொல்கிறீர்கள்? அடக்கம் செய்திருக்கிறீர்கள். கடையில் கிடைக்கும் ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு வளர்பவை. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் மட்டும்தான் கேட்கும். வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. மழை பட்டதும் குடித்துவிட்டு, பிறகு காற்றில் உலரும். மண்ணுக்குள் போனால் அதற்கு மூச்சு முட்டும்.

உங்கள் ஊரிலேயே மருந்து இருக்கிறது. மண்பொம்மை செய்கிற ஊர்க்காரர் நீங்கள். அடியில் மட்டுமில்லாமல் பக்கமெல்லாம் துளை போட்ட மண்தொட்டி ஒன்று சொல்லிச் செய்துகொள்ளுங்கள். இஸ்திரி வண்டிக்காரரிடம் கொஞ்சம் அடுப்புக்கரி வாங்கி, கழுவி, நெல்லிக்காய் அளவுக்கு உடையுங்கள். உடைந்த ஓட்டுச் சில்லு கொஞ்சம். தேங்காய் மட்டைத் துண்டுகளை நாலைந்து நாள் ஊறவைத்து, கறை இறங்கும்வரை தண்ணீரை மாற்றிவிட்டுச் சேருங்கள். இந்த மூன்றும் போதும். வெயில் காலத்தில் மட்டை கூடுதலாக இருக்கட்டும், மழைக்காலத்தில் கரி.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது?
– திருப்பரங்குன்றம் வாசகர்

காலண்டரைக் கேட்காதீர்கள், வேரைக் கேளுங்கள். காய்ந்த வேர் வெள்ளி நிறத்தில் இருக்கும். தண்ணீர் பட்டதும் கண்ணெதிரே பச்சையாக மாறும். பச்சையாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், வெளுத்தால் ஊற்றுங்கள். காலையில் ஊற்றுவது நல்லது. ஃபெலனாப்சிஸ் காட்டில் பக்கவாட்டில் சாய்ந்து தொங்குவதால் இலை நடுவில் தண்ணீர் தேங்காது. நம் தொட்டியில் நிமிர்ந்து உட்காருவதால் தேங்கும், தேங்கினால் குருத்து அழுகும். ஒரு துணி நுனியால் ஒற்றி எடுங்கள்.

எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. ஆர்ஓ மெஷின் கழிக்கும் தண்ணீரை விடலாமா? வீணாகப் போகிறதே!
– சிக்கனக்காரர், பாண்டியன் நகர்

வீட்டுத் தரையைத் துடையுங்கள், புண்ணியம் உண்டு. உங்கள் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் திரண்டு நிற்பது அந்தக் கழிவில்தான். ஆர்க்கிட் வேருக்கு அது விஷம். மழைநீரைப் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் ஆர்ஓவின் நல்ல தண்ணீரில் ஒரு டம்ளரைத் தியாகம் செய்யுங்கள். உரம்? 19:19:19 பாக்கெட்டில் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. அதற்கு மேல் போட்டால் பாசமாகாது.

வாங்கும்போது பூத்திருந்தது. இரண்டு வருஷமாக இலை மட்டும்தான். என்ன குறை?
– கோபத்தில் இருப்பவர், திருநகர்

குளிர்தான் குறை. 28 டிகிரிக்கு மேலேயே நின்றால் ஃபெலனாப்சிஸ் பூங்காம்பு விடாது. சில வாரங்கள் 25ஐ ஒட்டி இறங்க வேண்டும். நமக்கு அந்த யோகம் மார்கழி, தை இரண்டு மாதம்தான். இரவில் 20, 21 வரைக்கும் இறங்குகிறது. அப்போது நீங்கள் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுகிறீர்கள்! ஜன்னலுக்கு வலை அடியுங்கள், திறந்து வையுங்கள், செடியை அதன் பக்கத்தில் நகர்த்துங்கள். இலை கரும்பச்சையாக மினுமினுவென்று இருக்கிறதா? பார்க்க அழகு, ஆனால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். ஒரு எல்ஈடி டியூப் லைட்டைச் செடிக்கு ஒரு அடி மேலே மாட்டி, தினம் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். பழைய பூங்காம்பு பச்சையாக இருந்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள், கணுவிலிருந்து மறுபடி கிளைக்க வாய்ப்பு உண்டு.

ஆர்க்கிட் இரவிலும் ஆக்சிஜன் தருமாமே? படுக்கையறையில் வைக்கலாமா?
– வாட்ஸ்அப் வாசகர், திருமங்கலம்

ஃபெலனாப்சிஸ் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது என்பது உண்மை. ஆக்சிஜன் உண்டாவதென்னவோ வெளிச்சத்தில்தான். அழகுக்காக வையுங்கள், மூச்சுக்கு ஜன்னலைத் திறங்கள்.

எந்தத் திசையில் வைத்தால் நல்லது?

கிழக்கு ஜன்னல். வாஸ்துவுக்காக இல்லை, இளவெயிலுக்காக.

மச்சான் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். பெட்டியில் நாலு ஆர்க்கிட் போட்டுக்கொண்டு வரச் சொல்லட்டுமா?
– மேலூர் வாசகர்

மச்சான்மேல் என்ன கோபம்? உயிருள்ள செடி கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஆர்க்கிட் என்பதால், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் குறுக்கே நிற்கும். அது போக, 1981இல் சிங்கப்பூரின் தேசியப் பூவான வாண்டா மிஸ் ஜோக்கிம் முழு வெயில் கேட்கும் செடி. உங்கள் ஹாலில் நிற்காது. தைலமும் சாக்லேட்டும் போதும்.

கொடைக்கானல் போகும்போது மரத்திலிருந்து பெயர்த்து வந்தால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது?
– உசிலம்பட்டி வாசகர்

செடிக்குத் தெரியும். மலைக்குளிருக்குப் பழகியது மதுரையில் ஒரு சித்திரையைத் தாண்டாது. சட்டமும் உண்டு. காப்புக்காட்டில் செடி பெயர்ப்பது குற்றம், சில ஆர்க்கிட் இனங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பெயர் சொல்லிப் பட்டியலில் உள்ளன. பார்க்க ஆசையென்றால் செண்பகனூர் அருங்காட்சியகத்தோடு உள்ள ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. கண்ணால் எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளலாம்.

மல்லி மணக்கும் மதுரையில், வாசனையே இல்லாத பூவுக்கு இத்தனை பாடா?
– பூக்கட்டும் அம்மா, மாட்டுத்தாவணி

அம்மா, கடையில் விற்கும் ஃபெலனாப்சிஸைச் சொன்னீர்களானால் ஒத்துக்கொள்கிறேன். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய உங்கள் மல்லிக்கு முன்னால் அது வாய் திறக்காது. ஆனால் வாண்டா டெசலேட்டா என்று நம் சமவெளி மாமரங்களிலேயே தொற்றி வளரும் ஓர் ஆர்க்கிட் உண்டு. மஞ்சள் இதழில் பழுப்புக் கட்டம், நடுவே ஊதா நாக்கு, நல்ல மணம். நம் வெயிலையும் வறட்சியையும் தாங்கும். நம் ஊர் நர்சரிகள் தாய்லாந்துச் செடியை அடுக்கிவைத்துவிட்டு, திசு வளர்ப்பில் பெருக்கத் தோதான இதைக் கண்டுகொள்ளாதது என் நிரந்தர வருத்தம்.

சரி, நாளைக்கே ஒன்று வாங்கிவிடட்டுமா?
– அவசரக்காரர், திருநகர்

சித்திரை வெயிலில் வாங்கி வராதீர்கள், கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தாலும். புரட்டாசி, ஐப்பசியில் வாங்குங்கள். பூவை எண்ணாமல் தொட்டியைத் தூக்கி வேரைப் பாருங்கள். கெட்டியாக, வெள்ளியாக இருந்தால் காசு கொடுக்கலாம்.