சத்தம் போடுகிறவர் காத்திருக்கலாம்

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டால் நம் ஊரில் நீங்கள் சிஸ்டர்தான். அமெரிக்காவுக்கு அது போதாது. என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமப் பரீட்சையை எழுதிவிட்டு வா என்கிறது. நாலு வருஷம் படித்ததுதானே என்று உட்கார்ந்தால், கேள்விக்குள் இருக்கும் ஆஸ்பத்திரியே வேறு. அங்கே கட்டிலைச் சுற்றி அட்டெண்டர் கூட்டம் இல்லை. பிளாஸ்க்கோடு நடுவழியில் நிற்கும் சித்தப்பா இல்லை.

“சிஸ்டர், நான் செத்துப்போயிடுவேனா?” என்று நோயாளி கேட்கிறார். என்ன சொல்வீர்கள்? “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க.” தப்பு. “ஏன் இப்படியெல்லாம் நினைக்கிறீங்க?” அதுவும் தப்பு. வெறும் ஆறுதல் கூடாது, ‘ஏன்’ என்று குடையவும் கூடாது. “உங்களுக்குப் பயமா இருக்குன்னு புரியுது, மனசுல இருக்குறதைச் சொல்லுங்க” என்பதுதான் சரி. நம் வார்டுகள் ஓடுவதே அந்த முதல் இரண்டு விடைகளில்தான்.

பழக்கத்துக்கு வரட்டுமே என்று வீட்டில் முயன்றேன். பாட்டி, “முட்டி வலி உசுரு போகுதுடி” என்றாள். “வலி உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்துது. அதைப் பத்திச் சொல்லுங்க பாட்டி.” அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இவ்வளவு செலவு பண்ணிப் படிக்கவெச்சா, தைலம் தேய்க்காம கதை கேக்குறா பாரு!” ஆனாலும் சொன்னாள். முட்டியில் ஆரம்பித்து, கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் செய்த அவமானம் வரை. அன்றைய படிப்பு அத்தோடு சரி.

நாலு நோயாளிகள், யாரை முதலில் பார்ப்பாய்? இது இன்னொரு வகை. நம் வார்டில் இதற்கு யோசிக்கவே வேண்டாம், கவுன்சிலருக்குச் சொந்தக்காரர். என்க்ளெக்ஸில் மூச்சுக்குழாய், மூச்சு, ரத்த ஓட்டம் என்பதுதான் வரிசை. கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, காத்திருக்கலாம். திடீரென்று சத்தமே இல்லாமல் போனவரிடம்தான் ஓட வேண்டும். இந்த ஒன்றை நம் ஆஸ்பத்திரிகளும் எழுதி ஒட்டலாம்.

‘பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்ற ரகம் தனி வதை. முன்பு ஒன்று விட்டாலும் மொத்தமும் பூஜ்யம். 2023 ஏப்ரலிலிருந்து பாதிக் கிணறு தாண்டியவருக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் தப்பாகத் தொட்டால் கழித்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட அந்தக் கம்ப்யூட்டர்தான் கொடுமை. சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாக வரும், தப்பினால் சுலபமாக வரும். சுலபமான கேள்வியைப் பார்த்து வயிறு கலங்கும் பரீட்சையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, 5 மணி நேரம். நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று 95 சதவீதம் உறுதியானதும் அது கடையைக் கட்டிவிடும். எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லாது.

அதனால் பரீட்சை எழுதிவிட்டு வருகிற பிள்ளையிடம் “எத்தனையில நின்னுச்சு?” என்று கேட்காதீர்கள். 85-இல் நின்று பாஸானவர்களும் உண்டு, பெயிலானவர்களும் உண்டு. முதலில் சோற்றைப் போடுங்கள்.