ரெட்டும் ஃபாலோவும்: 'வட சென்னை'யின் வராத பாகம் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

கேரமில் ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது. அடுத்த அடியிலேயே தன் காயின் ஒன்றையும் குழியில் தள்ள வேண்டும். அதற்கு ஃபாலோ என்று பெயர். ஃபாலோ விழாவிட்டால் ரெட் மறுபடியும் பலகையின் நடுவட்டத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த விதி தெரியாதவர்கள் இவ்வாய்வை மேற்கொண்டு வாசிப்பதால் பயனில்லை.

2018 அக்டோபர் 17 அன்று வெற்றிமாறனின் 'வட சென்னை' வெளியானது. மூன்று பாகமாகத் திட்டமிட்ட கதை. முதல் பாகம் முடியும்போது நாயகன் அன்பு ஊருக்காக எழுந்து நிற்கிறான். கணவன் ராஜனைக் கொன்றவர்களைப் பழிவாங்குவதற்காகவே, அவர்களில் ஒருவனான குணாவுக்குக் கழுத்தை நீட்டிய சந்திரா காத்திருக்கிறாள். 'அன்புவின் எழுச்சி' என்று அடுத்த பாகத்துக்குப் பெயர்கூட வைத்தாயிற்று. அதாவது ரெட் விழுந்தது. ஃபாலோ இன்னும் விழவில்லை.

இந்த இடைவெளியில், காசிமேடு தொடங்கி எண்ணூர் வரை, எடுக்காத அந்தப் படத்தின் கதைகள் நாள்தோறும் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றைத் தொகுத்து வகைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம்

முதன்மைத் தரவுகள் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் உள்ள ஒரு கேரம் கிளப்பில் திரட்டப்பட்டன. பலகைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் தொங்கும் பல்பு; போரிக் பவுடர் படிந்த விரல்கள்; ஜன்னல் கட்டையில் ஆறிப்போன டீ. ஆய்வாளர் குறிப்பேட்டைத் திறந்ததும், "இன்னா சார், கணக்கெடுப்பா? ரேஷன் கார்டு எடுத்தாரணுமா?" என்று ஒருவர் கேட்டார். படத்தைப் பற்றித்தான் என்றதும் ஆட்டம் நின்றது. அதன்பின் ஒன்றரை மணி நேரம் ஆய்வாளர் வாயைத் திறக்க நேரவில்லை.

முன்னோர் மொழிந்தவை

இரண்டாம் பாகம் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கதைத்தொடர்ச்சி மணிமேகலை. முதல் பாகத்தை இயற்றியவர் இளங்கோ, அடுத்ததை இயற்றியவர் சாத்தனார். கண்ணகி என்ன ஆனாள் என்று ஆவலோடு வந்தவரிடம், மாதவியின் மகளைக் கதைத்தலைவியாக்கிக் காட்டியது இரண்டாம் காப்பியம். எதிர்பார்த்தவரைக் கைவிட்டு எதிர்பாராதவரைத் தூக்கிவிடுவது தொடர்கதையின் ஆதி இலக்கணம் என்பது இதனால் பெறப்படும்.

1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கிக்கு வேறு விதமான சோதனை. கதை முடிந்த பிறகும் வாசகர் விடவில்லை. இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேட்டார்கள். அவர் ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று.

அயல்நாட்டுச் சான்று 'ஸ்டார் வார்ஸ்'. 1977-இல் முதல் படம், 1980-இல் அடுத்தது. கறுப்பு முகமூடி போட்ட வில்லனே நாயகனின் தகப்பன் என்று அதில் தெரியவந்ததும், உண்மையா பொய்யா என்று உலகமே 1983 வரை மூன்று ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டது. இந்த ரகசியத்தைக் காக்க, படப்பிடிப்பில் முகமூடிக்குள் நின்ற நடிகருக்கே வேறு வசனத்தைக் கொடுத்திருந்தார்கள். இதைக் கிளப்பில் எடுத்துரைத்தபோது எழுந்த கேள்வி நோக்கத்தக்கது: "உள்ள நின்னவனுக்கே தெரியாதுன்னா, டீக்கட நாயருக்கு மட்டும் எப்டி சார் எல்லாம் தெரியுது?"

கோட்பாடுகள்

திரட்டிய தரவுகள் நான்கு பள்ளிகளாகப் பிரிகின்றன.

ஒன்று, சந்திரா பள்ளி. இதுவே பெரும்பான்மை. அன்பு வெறும் ஸ்ட்ரைக்கர்தான், அடிக்கிற விரல் சந்திராவுடையது என்பது இவர்கள் வாதம். சிறைக்குள் கேரம்தான் அன்புவைத் தாதா செந்திலின் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். குணா அவள் கையால் சாவானா, அன்பு கையால் சாவானா என்பதில் இப்பள்ளி இரண்டாக உடைந்திருக்கிறது. இரு பிரிவினரும் ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடிப்பதில் மட்டும் ஒற்றுமையாக உள்ளனர்.

இரண்டு, ராஜன் பள்ளி. முன்னே போகாதே, பின்னே போ என்பது இவர்கள் கொள்கை. ராஜனின் பழங்கதையை 'ராஜன் வகையறா' என்று தனியாக எடுக்கும் எண்ணத்தை இயக்குநரே சொன்னதை ஆதாரமாகக் கொள்கிறார்கள். ஸ்டார் வார்ஸும் 1999-இல் தகப்பனின் சிறுவயதுக்குத் திரும்பியதால், இப்பள்ளிக்கு உலகளாவிய அங்கீகாரம் உண்டு.

மூன்று, தம்பி பள்ளி. அன்புவின் பக்கம் கடைசிவரை யார் நிற்பார் என்ற கேள்விக்கு இவர்களின் விடை தம்பி என்ற பாத்திரம். அந்த வேடத்தில் நடித்த டேனியல் பாலாஜி 2024 மார்ச்சில் காலமானார். அன்றோடு இப்பள்ளி கலைந்தது. மறுத்துப் பேச ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நான்கு, பத்மா பள்ளி. உறுப்பினர் குறைவு, சான்றுகளோ வலுவானவை. அன்புவின் மனைவி பத்மா ஏன் தலைமை ஏற்கக் கூடாது என்று கேட்டவர், பலகையில் ஒரு காயினைக்கூடப் போடாமல் ஓரமாக உட்கார்ந்து சுண்டல் விற்றுக்கொண்டிருந்த அக்கா. "ஏரியாவுல கேரம் ஆடி உலகத்த ஜெயிச்சது யாருபா? வியாசர்பாடி இளவழகி. அப்பால நம்ம செரியன் நகர் காசிமா. ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு, 2024-ல அமெரிக்கா போய் மூணு தங்கம் எட்தாந்தா. படத்துல மட்டும் ஆம்பளையே ஆடிக்கினு இருப்பானா?" மணிமேகலையை முன்னுதாரணமாகக் கொண்டால் இப்பள்ளியே மரபுக்கு மிக நெருக்கமானது. இதைச் சொன்னதும் அக்கா ஆய்வாளருக்கு ஒரு கரண்டி சுண்டல் கூடுதலாகப் போட்டார். இது முடிவைப் பாதிக்கவில்லை.

ஏன் இங்கே?

ஊகம் ஓடும் இடத்தில் விளைவதில்லை. நிற்கும் இடத்தில்தான் விளைகிறது. வட சென்னை நிற்கப் பழகிய ஊர். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கிறோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கின்றன. ஆக நீளமான கோட்பாடுகள் அந்த ஓட்டுநர்களிடமே கிடைத்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் கிடக்க, கைகள் வலை பின்னும். வாய் கதை பின்னும். அந்தப் பருவத்தில் குணா வாரம் ஒருமுறையாவது செத்துப்போகிறான்.

மேலும், இரண்டாம் பாகம் என்பது இங்கே சினிமாவுக்கு மட்டும் உரியதன்று. ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் நிலையம். அதற்கு இரண்டாம் பாகமாக ஒரு பெரிய டெர்மினல் வரும் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு, படப்பிடிப்பு தொடங்கவில்லை. சொன்னபடி வந்த பாகமும் உண்டு: வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. 2017-இல் மூடிய எண்ணூர் அனல் மின் நிலையத்துக்கோ 660 மெகாவாட்டில் விரிவாக்கம் காத்திருக்கிறது. ஏற்கெனவே தின்ற சாம்பல் போதும் என்று ஊர்க்காரர்கள் பலர் வேண்டாம் எனும் இரண்டாம் பாகம் அது ஒன்றுதான்.

எதிர்வாதம்

இயக்குநருக்கு ஃபாலோ போடத் தெரியவில்லை என்பார் கூற்று ஏற்புடைத்தன்று. அவருடைய 'விடுதலை' 2023 மார்ச்சில் வந்தது; அதன் இரண்டாம் பாகம் 2024 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஆகவே விரலில் குறையில்லை. 2025-இல் அவர் சிலம்பரசனை வைத்து 'அரசன்' படத்தை அறிவித்தார். இது இரண்டாம் பாகம் அல்ல, அதே வட சென்னை உலகில் நடக்கும் வேறு கதை என்றும் விளக்கினார். நான்கு பள்ளிகளும் அன்றிரவே கூடி விவாதித்தன. இதை ஃபாலோவாக எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா? இரவு பதினொன்றுக்கு கிளப்காரர் பல்பை அணைத்ததால் தீர்மானம் நிறைவேறவில்லை.

முடிவுரை

விடை கிளப்பின் மூத்த ஆட்டக்காரரிடமிருந்து வந்தது. பெரியவர் எந்தப் பள்ளியிலும் சேராதவர். பையன் ஒருவன் ரெட்டைப் போட்டு ஃபாலோவைத் தவறவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். அவர் குழிக்குள் கைவிட்டு ரெட்டை எடுத்தார், வேட்டியில் துடைத்தார், நடுவட்டத்தில் வைத்தார். "இன்னாத்துக்குடா அழுவுற? ரெட்டு எங்க பூடுச்சி? தோ, நடுவுலதான கீது. இப்ப எல்லாருக்கும் சான்ஸு."

எனவே இவ்வாய்வு கண்ட முடிவு: ஃபாலோ விழாதவரை ரெட் யாருக்கும் சொந்தமில்லை. அதனால்தான் லாரி ஓட்டுநரும் சுண்டல் அக்காவும் ஆளுக்கொரு பாகம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். படம் வந்துவிட்டால் நான்கு பள்ளிகளில் மூன்று தோற்கும். நான்காவதும், தான் சொன்னது போல எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளும். அப்படியானாலும் வரட்டும் என்பதே கிளப்பின் ஒருமனதான கோரிக்கை.

வெற்றிமாறன் சார், ரெட் நடுவில்தான் இருக்கிறது. பவுடரும் போட்டாச்சு.